பைப்புல போனா 80ல வெட்டுது: டெர்மினல் அகலத்தை புரோகிராம் யார்கிட்ட கேக்கணும்?

நடுநிசி_பில்டு

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க.

எங்க டீமுக்கு பைத்தான்ல ஒரு சின்ன டூல் எழுதியிருந்தேன். ராத்திரி ஓடற பேக்கப் வேலைகளோட நிலையை டேபிளா காட்டும். வேலையோட பேரு, சர்வர், ஆரம்பிச்ச நேரம், முடிஞ்ச நேரம், கடைசியில எர்ரர் மெசேஜ். என் மானிட்டர்ல டெர்மினல் (கட்டளை அடிக்கற விண்டோ) 190 கட்டம் அகலம் (ஒரு எழுத்து நிக்கற இடம் ஒரு கட்டம்), அதுல அம்சமா இருந்துச்சு. இடம் பத்தலைன்னா மெசேஜை வெட்டி மூணு புள்ளி வெக்கற மாதிரி எழுதியிருந்தேன். அகலம் தெரிஞ்சுக்க ஷுட்டில் மாட்யூல்ல இருக்கற கெட் டெர்மினல் சைஸ் ஃபங்ஷன்.

போன வாரம் கூட வேலை பாக்கறவர் இந்த டூலோட அவுட்புட்டை, வரிகள்ல வார்த்தை தேடற கிரெப்புக்கு பைப் பண்ணி (திரைக்கு விடாம நேரா அதுக்குள்ள அனுப்பி), "நோ ஸ்பேஸ்"னு தேடியிருக்கார். ஒரு வரிகூட வரலை. பிரச்சனை இல்லைன்னு விட்டுட்டார். நிஜத்துல ஒரு சர்வர்ல டிஸ்க் நிரம்பி, ரெண்டு ராத்திரி பேக்கப்பே எடுக்கலை. அந்த வார்த்தை வரியோட 94ஆவது கட்டத்துல ஆரம்பிக்குது. பைப்புல அகலம் தெரியாம என் டூல் 80ன்னு எடுத்துக்கிட்டு, அதுக்கு முன்னாடியே வெட்டிடுச்சு. அந்த ரெண்டு நாள்ல யாருக்கும் ரெஸ்டோர் தேவைப்படலை, அவ்வளவுதான் நம்ம அதிர்ஷ்டம்.

டாக்குமென்ட் படிச்சா இது பக் இல்ல. முதல்ல காலம்ஸ்னு அகலத்தைச் சொல்ற என்விரான்மென்ட் வேரியபிளைப் (புரோகிராம் கிளம்பறப்ப அதுக்குக் கிடைக்கற மதிப்பு) பாக்கும், இல்லைன்னா ஸ்டேண்டர்ட் அவுட்டோட டெர்மினலைக் கேக்கும், அதுவும் இல்லைன்னா 80 கட்டத்துக்கு 24 வரி. 2012ல பைத்தான் 3.3 வந்ததுல இருந்து இப்படித்தான். நான்தான் சரியா படிக்கலை.

இப்ப திருத்தி எழுதப் போறேன். அகலத்தை எங்கெங்க, எந்த வரிசையில கேக்கறது சரி?

குழாய்வழி

தம்பி, அகலம் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. எழுத்து போய்ச் சேரும் இடத்தில் டெர்மினல் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இஸ்ஏடிடிஒய் என்று ஒரே ஒரு ஃபங்ஷன், ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லிவிடும். இல்லை என்றால் அகலத்தைப் பற்றிய பேச்சே கிடையாது. வெட்டக் கூடாது, மடக்கக் கூடாது, இடம் நிரப்பி அழகு பார்க்கவும் கூடாது. ஒரு பதிவுக்கு ஒரு வரி, நடுவில் டேப். பைப்பின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பது இன்னொரு புரோகிராம். அதற்குக் கண் கிடையாது.

ஃபைல் பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைப் பாருங்கள். திரையில் அடுக்கடுக்காகக் காட்டும், பைப்பில் விட்டால் வரிக்கு ஒரு பெயர். எத்தனையோ வருடமாக உலகம் முழுக்க ஸ்கிரிப்டுகள் அதை நம்பி ஓடுகின்றன.

நேர்மாறான பாடம், ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் பிஎஸ். அவுட்புட் டெர்மினலுக்குப் போகாதபோது அகலம் எவ்வளவு என்று வரையறுக்கப்படவில்லை, 80 ஆகலாம், வரம்பே இல்லாமலும் ஆகலாம் என்று லினக்ஸில் அதன் மேன் பக்கமே (கையேடு) சொல்கிறது. அதனால்தான் பழைய ஆட்கள் பிஎஸ்ஸுக்கு, அகல வரம்பை நீக்கும் இரண்டு டபிள்யூ சேர்த்தே அடிப்பார்கள். கை பழகிய பிறகு ஏன் என்று கேட்பதுகூட இல்லை. உங்களுக்கு நேர்ந்தது அதே குழிதான்.

80 என்ற எண்ணுக்கும் இதில் மரியாதை தர வேண்டியதில்லை. 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசை. டெக் நிறுவனத்தின் விடி100 டெர்மினல் 1978இல் வந்தபோதும் 80க்கு 24. திரை இருப்பது உறுதி, அளவுதான் தெரியவில்லை என்னும்போது 80 நியாயமான ஊகம். திரையே இல்லாத இடத்தில் அது வெறும் கத்தரிக்கோல்.

ஒருவரி

ஒரு சின்ன திருத்தம். எந்த டிஸ்கிரிப்டர்ல (வெளிய எழுதற வழியோட எண்: ஸ்டேண்டர்ட் அவுட் 1, ஸ்டேண்டர்ட் எர்ரர் 2) எழுதறமோ அதைக் கேக்கணும். புரோகிரஸ் பார் ஸ்டேண்டர்ட் எர்ரர்ல போகும். அவுட்புட்டை ஃபைலுக்குத் திருப்பி விட்டிருந்தாலும் பார் திரையிலதான் ஓடுது. அப்ப 1ஐக் கேட்டா டெர்மினல் இல்லைன்னு வரும், 2ஐக் கேட்டாதான் சரியான அகலம் கிடைக்கும். ஒரே புரோகிராமுக்குள்ள ரெண்டு பதில் இருக்கலாம்.

நடுநிசி_பில்டு

குழாய்வழி அண்ணா, புரிஞ்சுது. பைப்னா வெட்டு கிடையாது, அது முடிவு. ஆனா டெர்மினல் இருக்கும்போது காலம்ஸ் முன்னாடியா, கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) சொல்றது முன்னாடியா? இன்னொண்ணும் குழப்புது. பாஷ்ல (கட்டளைகளை வாங்கி ஓட்டற ஷெல்) காலம்ஸை எக்கோ பண்ணா 143ன்னு வருது. அதே விண்டோவுல பைத்தானைத் திறந்து என்விரான்மென்ட்ல தேடினா அப்படி ஒரு பேரே இல்லை.

குழாய்வழி

காலம்ஸ் பாஷுக்குள் இருக்கும் ஷெல் வேரியபிள், எக்ஸ்போர்ட் செய்யப்பட்டதல்ல. பாஷ் தன் தேவைக்காக வைத்திருக்கிறது. ஒவ்வொரு வெளிக் கட்டளையும் முடிந்த பிறகு கர்னலிடம் கேட்டு அதைப் புதுப்பிக்கும். செக்வின்சைஸ் என்ற அந்த ஏற்பாடு பாஷ் 5.0இலிருந்து தானாகவே இயங்கும் நிலையில் வருகிறது. உங்கள் பைத்தான் பாஷின் குழந்தை. எக்ஸ்போர்ட் செய்த சொத்து மட்டும்தான் குழந்தைக்குப் போகும்.

எது முன்னால் என்பதில் பெரிய வீடுகளே இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. குனூ எல்எஸ் டெர்மினலைக் கேட்கிறது, அங்கே பதில் இல்லையென்றால் காலம்ஸ், பிறகு 80. கோடின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் முதலில் காலம்ஸைப் பார்க்கிறது. பைத்தானும் அப்படியே. மேன் கட்டளைக்கு மேன்வித் என்று தனி வேரியபிள், அதற்குப் பிறகு காலம்ஸ், பிறகுதான் கர்னல்.

நான் காலம்ஸ் பக்கம். யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸ் அதை வரையறுப்பதே பயனர் விரும்பும் அகலம் என்றுதான். ஒருவர் மெனக்கெட்டு எக்ஸ்போர்ட் செய்திருக்கிறார் என்றால் அது அவர் கட்டளை, அதை மீற நமக்கு உரிமை இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கிட் லாக் அடித்தால், பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் திறக்கிறது அல்லவா, அந்த நேரத்தில் கிட்டின் அவுட்புட் பைப்புக்கு மாறிவிடும். அதன் பிறகு கேட்டால் கர்னல் கையை விரிக்கும். அதனால் மாறுவதற்கு முன்பே அகலத்தைக் கேட்டு வாங்கி, காலம்ஸில் போட்டுத் தன் துணை புரோகிராம்களுக்கு அனுப்புகிறது. இடையில் பைப் இருந்தாலும் கடைசியில் பார்க்கப் போவது மனிதக் கண்தான் என்று சொல்ல காலம்ஸை விட்டால் வேறு வழி ஏது?

சாளரம்

> ஒருவர் மெனக்கெட்டு எக்ஸ்போர்ட் செய்திருக்கிறார் என்றால் அது அவர் கட்டளை

இதை நான் ஏத்துக்க மாட்டேன் சார். பல நேரம் அது யாரோட கட்டளையும் இல்ல. யாரோ எப்பவோ ஒரு ஸ்கிரிப்ட்டுக்காக எக்ஸ்போர்ட் போட்டிருப்பாங்க, அது ஒட்டிக்கிட்டு கூடவே வரும்.

டாப் மாதிரி திரையை விட்டு நகராம ஓடற டூல் ஒண்ணு வெச்சிருக்கேன். ஒரே டெர்மினலைப் பல பகுதியா பிரிக்கற டிமக்ஸ்ல விண்டோவைப் பாதியா பிரிச்சேன். 160 கட்டம் 80க்கு சுருங்கிடுச்சு. டூல் மட்டும் 160லயே எழுதிக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு வரியும் ரெண்டா மடங்கி, தலைப்பு வரி காணாமப் போச்சு. விண்டோ அளவு மாறிடுச்சுன்னு சொல்ற சிக்விஞ்ச் சிக்னல் ஒழுங்காத்தான் வருது. அது வந்தா ஓட வேண்டிய ஃபங்ஷன், ஹேண்ட்லரும் கூப்பிடப்படுது. உள்ள கெட் டெர்மினல் சைஸைக் கூப்பிட்டா மறுபடியும் 160. அரை நாள் தலையை உடைச்சப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த ஷெல்லுல காலம்ஸ் எக்ஸ்போர்ட் ஆகியிருக்கு. புரோகிராம் கிளம்பினப்ப கையில கொடுத்த என்விரான்மென்ட், ஓடற வரைக்கும் அதே காப்பிதான். பாஷ் வெளியில எத்தனை தடவை புதுப்பிச்சாலும் உள்ள வராது. கர்னல் மட்டும்தான் இந்த நிமிஷத்து அகலத்தைச் சொல்லும்.

அதனால என் வரிசை எல்எஸ்ஸோட வரிசை. டெர்மினல் கைக்கெட்டற தூரத்துல இருந்தா அதைக் கேளு. இல்லாதப்ப மட்டும் காலம்ஸ்.

குழாய்வழி

நீண்ட நேரம் ஓடும் புரோகிராமுக்கு நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். சிக்விஞ்ச் வந்துவிட்டால் திரை மாறியதற்கு அதுவே சாட்சி. அதற்கு மேல் பழைய காலம்ஸைப் பிடித்துக்கொண்டு தொங்குவது தவறு. எழுதிவிட்டு உடனே வெளியேறும் கட்டளைகளுக்கு என் கருத்தில் மாற்றமில்லை.

ஹேண்ட்லருக்குள் அளவு கேட்பது, திரையை வரைவது எதுவும் வேண்டாம். ஒரு கொடியை மட்டும் உயர்த்திவிட்டுத் திரும்புங்கள், முக்கியச் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். அந்த சிக்னல் முன்னணியில் இருக்கும் புராசஸ் குழுவுக்கு மட்டும்தான் வரும். பின்னணிக்குத் தள்ளிய புரோகிராம் முன்னால் வந்ததும் அளவை மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டும்.

சீரியல்_கேபிள்

எல்லாரும் கர்னல் உண்மையைச் சொல்லும்னு பேசறீங்க. கர்னலுக்கு யார் சொன்னாங்கன்னு பாருங்க.

ஐஆக்டில்ங்கற கர்னல் அழைப்புல டிஐஓசிஜிவின்எஸ்இசட்னு கேட்டா வர்றது நாலு எண். வரி, கட்டம், அப்புறம் பிக்சல் கணக்குல ரெண்டு. இதை கர்னல் அளந்து வெச்சிருக்கறதில்லை. டெர்மினல் எமுலேட்டர் எழுதிக் கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும். தூரத்து மெஷினுக்கு எஸ்எஸ்எச்ல போனா இந்தப் பக்கத்து அகலத்தை புரோட்டோகாலே அந்தப் பக்கம் கொண்டுபோய் சேர்க்குது, விண்டோ மாறினாலும் தனியா ஒரு செய்தி போகும். டெல்நெட்டுக்குக்கூட 1988லயே இதுக்குன்னு ஒரு ஆர்எஃப்சி (இணைய விதிமுறை ஆவணம்) வந்துடுச்சு, எண் 1073.

சீரியல் கேபிள்ல அப்படி ஒண்ணும் கிடையாது. மூணு கம்பி, அதுல எழுத்து மட்டும்தான் போகும். மறுமுனையில சர்க்யூட் போர்டு பக்கம் இருக்கற கர்னல்கிட்ட கேட்டா, அழைப்பு வெற்றி, எர்ரர் இல்லை, பதில் 0க்கு 0. இங்கதான் மாட்டுவீங்க. ஃபெயில் ஆச்சுன்னா 80ன்னு எழுதியிருப்பீங்க, ஆனா ஃபெயில் ஆகலையே. எங்க போர்டுல ஃபர்ம்வேர் ஏத்தற டூல் ஒண்ணு மீதி இடத்தை அகலத்தால வகுத்துச்சு. பூஜ்யத்தால வகுத்து ஃபிளாஷ் பாதி எழுதினப்ப செத்துடுச்சு. போர்டை மறுபடி உயிர்ப்பிக்க பெட்டியைத் திறந்து பின்னை ஷார்ட் பண்ண வேண்டியதாப் போச்சு. பூஜ்யம் வந்தாலும் தெரியாதுன்னுதான் அர்த்தம். தயவுசெஞ்சு இந்த ஒரு வரியை உங்க கோடுல சேருங்க.

நடுநிசி_பில்டு

சேர்த்துட்டேன். அப்ப சீரியல்ல நிஜ அகலத்தைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா?

சீரியல்_கேபிள்

இருக்கு. கர்சரை 999ஆவது வரி, 999ஆவது கட்டத்துக்குப் போன்னு சொல்லணும். திரை எவ்வளவோ அவ்வளவுல அது நின்னுடும். அப்புறம் எங்க நிக்கறேன்னு கேட்டா டெர்மினல் பதில் எழுதும். அந்த மூலைதான் உங்க அளவு. எக்ஸ்டெர்ம்ங்கற டெர்மினல் எமுலேட்டரோட வர்ற ரீசைஸ் கட்டளை செய்யறது இதுதான்.

ஆனா இதை உங்க டூலுக்குள்ள வெக்காதீங்க. பதில் கீபோர்டு இன்புட் வர்ற அதே வழியாத்தான் வரும். யூசர் முன்கூட்டியே ஏதாவது டைப் பண்ணியிருந்தா ரெண்டும் கலந்துடும். மறுமுனை பதில் சொல்லாத டெர்மினல்னா புரோகிராம் காத்துக்கிட்டே நிக்கும். லாகின் ஆனதும் ரீசைஸை ஒரு தடவை ஓட்டினா போதும். இல்லைன்னா டெர்மினல் அமைப்பை மாத்தற எஸ்டிடிஒய் கட்டளையில கையாலயே வரியும் கட்டமும் கொடுத்துடலாம். கர்னலுக்குத் தெரிஞ்சுட்டா எல்லா புரோகிராமுக்கும் தெரிஞ்ச மாதிரி.

மெய்யெழுத்து

பாதி விஷயத்தைத்தான் பேசியிருக்கிறீர்கள். திரை 100 கட்டம் என்று சரியாகவே தெரிந்துவிட்டது, சரி. நான் எழுதப்போகும் சொல் எத்தனை கட்டம் எடுக்கும்?

தமிழ்ப் புத்தகப் பட்டியலை டெர்மினலில் காட்டும் ஒரு நிரலை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இது. இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: கிளி, கீழ். இரண்டிலும் இரண்டு எழுத்து. இரண்டிலும் யூனிகோட் குறியீடு நான்கு. யுடிஎஃப்-8இல் இரண்டுமே 12 பைட். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. ஆனால் லினக்ஸின் சி மொழி நூலகமான ஜிலிப்சியில், எழுத்துக்கு எத்தனை கட்டம் என்று சொல்லும் டபிள்யூசிவித்திடம் கேளுங்கள். கிளிக்கு 4 கட்டம், கீழுக்கு 2.

காரணம் யூனிகோட் அட்டவணையில் இருக்கிறது. இகரக் கொக்கி இடம் எடுக்கும் குறி என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. ஈகாரக் கொக்கி இடம் எடுக்காத குறி. புள்ளியும் அப்படியே. அதனால் கி இரண்டு கட்டம், கீ ஒரு கட்டம். குறிலுக்கு இரண்டு, நெடிலுக்கு ஒன்று! தமிழ் படித்த யாருக்கும் இது மனதில் ஏறாது.

சி மொழியில் பிரின்ட்எஃப் வைத்து 20 அகலத்துக்கு நிரப்பச் சொன்னால் பைட்டை எண்ணி 8 இடம்தான் சேர்க்கும். பாஷின் பிரின்ட்எஃப் அதே கதை. பைத்தானின் லென் குறியீட்டை எண்ணி 16 சேர்க்கும். பைத்தானுக்கென்று உள்ள டபிள்யூசிவித் நூலகம் 2023இல் வந்த 0.2.9 பதிப்பில் இந்தக் குறிகளைப் பூஜ்யமாக்கியது. அதன்படி கிளிக்கு 2. இத்தனைக்கும் பிறகு டெர்மினல் தன் கணக்கில் எத்தனை கட்டம் ஒதுக்குகிறதோ அதுதான் திரையில் நடக்கும். நூலகமும் டெர்மினலும் ஒத்துப்போகாவிட்டால் அகலத்தை எவ்வளவு சரியாகக் கேட்டு வாங்கியிருந்தாலும் அட்டவணை கோணல்தான்.

இன்னும் ஒன்று. கொடி என்ற சொல்லில் கொ என்பதைக் க, ஒகரக் குறி என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். க, கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பழைய மேக் ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தேதான் சேமிக்கும். அங்கிருந்து வந்த ஃபைல் பெயரில் மட்டும் என் வரி ஒரு கட்டம் தள்ளி நின்றது. காரணம் புரிய எனக்கு வெகு நாள் ஆனது.

சாளரம்

அக்கா, இதுக்கு என்னதான் பண்ணீங்க?

மெய்யெழுத்து

எண்ணுவதையே விட்டுவிட்டேன். அவுட்புட் டெர்மினலுக்குப் போகும்போது, முதல் நெடுவரிசையை எழுதிய பிறகு இடைவெளி போட்டு நிரப்புவதில்லை. கர்சரை இதே வரியில் 40ஆவது கட்டத்துக்குப் போ என்று எஸ்கேப் கட்டளை கொடுக்கிறேன். தலைப்பு 12 கட்டம் எடுத்தாலும் 17 எடுத்தாலும் ஆசிரியர் பெயர் 40இல்தான் தொடங்கும். கணக்குப் போடும் பொறுப்பு டெர்மினலுக்கே போய்விடுகிறது. தலைப்பு 40ஐத் தாண்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு எழுத்தாக எண்ணி, ஒரு எழுத்துக்கு இரண்டு கட்டம் என்று தாராளமாக ஒதுக்குகிறேன்.

வெட்ட வேண்டி வந்தால் முழு எழுத்தாகத்தான் வெட்டுவேன். குறியீட்டு எண்ணிக்கையில் வெட்டினால் "கீழ்" போய்க் "கீழ" என்று நிற்கும். புள்ளி போனால் சொல்லே வேறு. நீளம் முன்கூட்டித் தெரியாத தமிழ் நெடுவரிசையை எப்போதும் கடைசியில் வையுங்கள், வலப்பக்கம் கோணலாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒருவரி

கடைசிக் கட்டத்தையும் காலியா விடுங்க. விடி100 வழியில வந்த டெர்மினல்கள் 80ஆவது எழுத்து எழுதினதும் மடக்காது, 81ஆவது வர்ற வரைக்கும் காத்திருக்கும். எல்லாம் இப்படி இல்லை. பாரை முழு அகலத்துக்கும் எழுதினா மடக்கற இடங்கள்ல ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஒரு புது வரி இறங்கும்.

ஷெல் ஸ்கிரிப்ட் எழுதறவங்களுக்கும் ஒண்ணு. டெர்மினல் விவரம் சொல்ற டிபுட் கட்டளைகிட்ட அகலம் கேக்கும்போது ஸ்டேண்டர்ட் எர்ரரை டெவ் நல்லுக்கு (எழுதினதெல்லாம் காணாமப் போற இடம்) திருப்பாதீங்க. பதிலை வேரியபிள்ல பிடிக்கறப்ப அவுட்புட் ஏற்கெனவே பைப். எர்ரர் வழியாத்தான் அது டெர்மினலைப் பாக்குது. அதையும் அடைச்சா பழைய பதிப்புகள்ல 80ன்னு வந்து நிக்கும்.

நடுநிசி_பில்டு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி உக்காந்து மாத்திட்டேன்.

வித்னு ஒரு ஆப்ஷன் சேர்த்தேன். யூசர் அதைக் கொடுத்தா மறு பேச்சு இல்ல, பைப்பா இருந்தாலும் அதுதான். கொடுக்கலைன்னா எழுதப் போற டிஸ்கிரிப்டர் டெர்மினலான்னு கேக்கறேன். இல்லைன்னா டேப் போட்டு முழு வரி, காலம்ஸைக்கூட பாக்கறதில்லை. டெர்மினல்னா காலம்ஸ், அதுல உருப்படியான எண் இல்லைன்னா கர்னல், கர்னல் பூஜ்யம் சொன்னா 80. சாளரம் சொன்ன மாதிரி, விடாம ஓடற வாட்ச் மோடுல மட்டும் காலம்ஸைத் தொடறதே இல்லை, நேரா கர்னல்தான். டெர்மினல்லயும் வெட்டினா வெட்டினேன்னு கடைசி வரியில சொல்ற மாதிரி வெச்சிருக்கேன்: "3 மெசேஜ் சுருக்கப்பட்டது, முழுசா பாக்க பைப் பண்ணவும்".

அந்த ரெண்டு ராத்திரியோட லாகை எடுத்து அதே கிரெப்பை ஓட்டினேன். ரெண்டு வரியும் வந்துச்சு.

குழாய்வழி

பைப்பில் காலம்ஸைப் பார்க்காமல் விட்டால், உங்கள் டூலை லெஸ்ஸுக்கு அனுப்பிப் படிப்பவருக்கு வரி நீண்டு மடங்குமே?

நடுநிசி_பில்டு

மடங்கும் அண்ணா. அவர் வித் கொடுத்துக்கலாம், லெஸ்ல பெரிய எஸ் போட்டு பக்கவாட்டுல நகர்த்தியும் படிக்கலாம். கிரெப்புல ஒரு வரி காணாமப் போறதுக்கு அது எவ்வளவோ மேல். ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். வித் 0ன்னு யாராவது கொடுத்தா என்ன செய்யறது, எர்ரர் சொல்லவா?

சாளரம்

வேணாம். குனூ எல்எஸ்ல அகலம் 0ன்னா வரம்பு இல்லைன்னு அர்த்தம். அதையே வெச்சுக்கோங்க, புதுசா யாரும் பழக வேண்டியதில்லை.